வாத்தினங்களில் சேவலும் பேடையும்

மாணவர்களே, சேவல் என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது கோழிதான். ஆயினும் தொல்காப்பிய மரபியல், மயில் நீங்கலாகச் சிறகுடைய எல்லாப் பறவைகளின் ஆணுக்கும் சேவல் என்னும் பெயரை உரியதாக்குகிறது. பெண் பறவை பேடை அல்லது பெடை எனப்படும். ஆகவே வாத்திலும் சேவல் உண்டு. இப்பாடத்தில் அவ்வழக்கையே கொள்வோம்.

இராசத்தான் மாநிலத்துப் பரத்பூரில், ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்பில் கேவலாதேவ் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. முற்காலத்தில் இது மன்னரின் வேட்டைக்களமாக இருந்தது. 1938 நவம்பர் 12 அன்று ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டதை அங்குள்ள கற்பலகையில் இன்றும் படிக்கலாம். இக்காலத்திலோ, ஆண்டுதோறும் சனவரியில் நாட்டின் பல நீர்நிலைகளில் உயிருள்ள பறவைகளை எண்ணுகின்றனர். சேவலை மட்டும் அறிந்தவர் இப்பணியில் ஈடுபட்டால், பேடைகள் கணக்கில் விடுபடும்; அல்லது வேறோர் இனத்தின் பெயரில் சேர்ந்துவிடும்.

சேவலை அறிதல் எளிது. ஊசிவால் வாத்தின் சேவலுக்குத் தலை காப்பிக்கொட்டை நிறம், கழுத்தில் வெண்கோடு, வால் ஊசிபோல் நீண்டிருக்கும். தட்டைவாயன் சேவலுக்குத் தலை கரும்பச்சை, மார்பு வெண்மை, விலா செம்பழுப்பு. இவ்விரண்டின் பேடைகளோ பழுப்பில் புள்ளியும் கீற்றுமாய் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். தரையில் புல்லிடையே அடைகாப்பவள் பேடை. நரியும் பருந்தும் காணாதிருக்க அவளுக்கு அந்நிறம் வேண்டும்.

எனவே நிறத்தை இறுதியிற் பாருங்கள். முதலில் அலகின் வடிவத்தை நோக்குங்கள். தட்டைவாயனின் அலகு நுனியில் கரண்டிபோல் அகன்றது. சேவலாயினும் பேடையாயினும் அவ்வடிவம் மாறாது. ஊசிவால் பேடையை மெலிந்த நீள்கழுத்தும் சாம்பல்நிற அலகும் காட்டிக்கொடுக்கும். பறக்கும்போது சிறகில் தெரியும் வண்ணப்பட்டையும் உதவும். கிளுவையில் அது பளிச்சிடும் பச்சை.

நிறத்தை நம்பலாகாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சேவல் தன் ஒப்பனையிறகுகளை உதிர்த்துப் பேடையின் தோற்றத்தைப் பெறுகிறது. பறக்கும் இறகுகளும் ஒருசேர உதிர்வதால் சில வாரங்கள் பறக்கவும் இயலாது. அந்நிலையில் பகைவர் கண்ணிற்படாதிருக்க அம்மங்கிய உடை பயன்படுகிறது. அக்டோபர் அளவில் இங்கு வந்துசேரும் சேவல்கள் பல, இன்னும் அவ்வுடையிலேயே இருக்கும். அப்போது ஏரியில் பேடைகளே நிறைந்திருப்பதாகத் தோன்றும். சனவரிக்குள் பெரும்பாலானவை புத்திறகு பெற்றுவிடும்.

எல்லா இனத்திலும் இவ்வேறுபாடு இல்லை. நம் நாட்டிலேயே வாழும் புள்ளிமூக்கு வாத்தில் இருபாலும் ஏறத்தாழ ஒரே தோற்றமுடையவை. இந்தி பேசுவோர் சுர்காப் என அழைப்பதும், இலக்கியத்தில் வரும் சக்கரவாகம் எனக் கருதப்படுவதுமாகிய செம்பொன்னிறப் பறவையில், இனப்பெருக்கக் காலத்துச் சேவலின் கழுத்திலுள்ள மெல்லிய கருவளையமே முதன்மையான அடையாளம். இதன் பேடை பொந்திலும் குழியிலும் மறைந்து அடைகாப்பதால் மங்கிய நிறம் தேவைப்படவில்லை போலும்.

வீட்டு வாத்துகளுள் பெரும்பாலானவை காட்டிலுள்ள பச்சைத்தலை வாத்தின் வழிவந்தவை. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, அறுவடை முடிந்த வயலில் வாத்து மந்தையைக் கண்டால் சற்று நின்று கேளுங்கள். உரக்கக் 'குவாக்' என்பவை பேடைகள். சேவலின் குரல் தாழ்ந்து கரகரப்பாக ஒலிக்கும்; அதன் வாலின்மேல் இரண்டு மூன்று இறகுகள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும்.