தனக்குத் தானே போடும் தாழ்ப்பாள்

ஒரு விசையைக் கொத்தினால் உடனே தானியம், ஆனால் இரண்டே விநாடிக்கு. மற்றொன்றைக் கொத்தினால் நான்கு விநாடி காத்திருக்க வேண்டும். அப்புறம் நான்கு விநாடி தின்னலாம். புறாக்கள் காத்திருக்கவில்லை. 1972இல் உளவியலாளர்கள் ஹோவர்ட் ராக்லினும் லெனார்ட் கிரீனும் இதற்கு முன்னால் இன்னொரு விசையை வைத்தார்கள். அதைக் கொத்திவிட்டால், பிறகு அவசரத் தீனிக்கு வழியே இராது. அந்த முன்தேர்வுக்கும் தீனிக்கும் நடுவே நேரம் கூடக்கூட, புறாக்கள் அதையே அதிகம் கொத்தின. வரப்போகும் சபலத்துக்குப் பறவை முன்கூட்டியே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது!

தொலைவில் இருக்கும்வரை பெரிய நன்மை பெரிதாகத் தெரிகிறது. கிட்டே வந்ததும் கைக்கெட்டும் சின்ன சுகம் அதை மறைத்துவிடுகிறது. தன்னார்வப் பணி இதில் சுலபமாகச் சிக்கும். சம்பளம் இல்லை, கெடு இல்லை, ஏன் வரவில்லை என்று கேட்க மேலதிகாரியும் இல்லை. சிரமம் இன்றைக்கு, பலன் வேறு யாருக்கோ. ஆகவே நல்ல மனம் படைத்தவர்களும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார்கள்.

தள்ளிப்போடும் அந்த 'அப்புறம்' என்பதையே ஸ்வீடனில் பயன்படுத்திக்கொண்டார் பொருளியலாளர் அன்னா பிரேமன். மாதாமாதம் நன்கொடை தருபவர்களில் சிலரிடம் இப்போதே தொகையைக் கூட்டச் சொன்னார். சிலரிடம் பின்னொரு தேதியிலிருந்து கூட்டுவதாக ஒப்புதல் மட்டும் கேட்டார். பின்னவர்கள் உயர்த்திய தொகை 32 சதவீதம் அதிகம்.

பணத்தைவிட நேரம் பிடிவாதமானது. அமெரிக்காவில் மன நெருக்கடியில் இருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி வழியே துணை நிற்கும் 'கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன்' அமைப்பின் தொண்டர்கள் 200 மணி நேரம் உழைப்பதாக வாக்களிக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்களிடம் நடந்த ஆய்வில், அதே இலக்கை 'வாரம் 4 மணி' என்றோ 'இரு வாரத்துக்கு 8 மணி' என்றோ சொன்னபோது, உழைத்த நேரம் சுமார் 8 சதவீதம் கூடியது. இரு வாரக் கணக்கின் பலன் அதிக நாள் தாங்கியது. ஒரு வாரம் தவறினாலும் ஈடுகட்ட அதில் இடமிருக்கிறதே!

கட்டு இறுகினால் ஆள் கிடைப்பதில்லை. பிலிப்பைன்ஸில் புகைப்பதை விடாவிட்டால் வைப்புத்தொகை பறிபோகும் என்ற திட்டத்தை ஒரு வங்கி நீட்டியபோது, சேர்ந்தவர்கள் 11 சதவீதம்தான். தொண்டுக்கு அபராதம் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தொண்டர்களைத் திரட்டுகிறவர்கள் "நேரம் கிடைக்கும்போது வாருங்கள்" என்பதை விட்டுவிடலாம். அடுத்த மாதத்தில் இன்ன சனிக்கிழமை, இத்தனை மணி, உங்களுக்காகக் காத்திருப்பவர் இன்னார் என்று சொல்லி, இன்றே சம்மதம் வாங்கிவிடுங்கள்.