கல் வளைவு பார்க்கப் போவோமா?

இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து எம்மில் பலருக்கு வீடு, வேலைத்தலம், தமிழ்க் கடை, கோயில் என்ற நான்கு இடங்களுக்குள்ளேயே காலம் போய்விடுகிறது. லீவு நாள் வந்தாலும் நித்திரையும் உடுப்புத் தோய்ப்பதும்தான். பெரிய செலவில்லாமல், மலையேறிப் பழக்கமில்லாத தாய்மாரும் பிள்ளைகளும் நடந்து பார்க்கக்கூடிய ஓர் இடத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். இடம் சுலபமானது. ஆனால் அது பாலைவனம். ஆயத்தமில்லாமல் போகக்கூடாது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற சிறிய பட்டணம் இருக்கிறது. சால்ட் லேக் சிற்றியிலிருந்து தென்கிழக்கே சுமார் 4 மணி நேரக் கார் ஓட்டம். மோவாப்புக்குச் சற்று வடக்கே ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாசல். 1929 இல் அரசு இதனைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. 1971 இல் தேசியப் பூங்கா ஆனது. இயற்கையாக உண்டான கல் வளைவுகள் 2,000 க்கு மேல் இங்கே உண்டு.

வளைவு எப்படி உண்டாகிறது?

இதனை யாரும் கட்டவில்லை, செதுக்கவுமில்லை. மிகப் பழைய காலத்தில் இங்கே கடல் வற்றி, நிலத்துக்கடியில் தடித்த உப்புப் படுக்கை தங்கிவிட்டது. அதன்மேல் மணற்கல் படிந்தது. பாரம் தாங்காமல் உப்பு நகரவும் மேலேயிருந்த கல் நீள நீளமாக வெடித்தது. வெடிப்புகள் அகன்று, கல் மதில் மதிலாக நின்றது. அந்த மதில்களின் சிறு கீறல்களில் மழைத்தண்ணீர் இறங்கி, குளிர்காலத்தில் உறைகிறது. பிறீசரில் வைத்த தண்ணீர்ப் போத்தல் வெடிப்பது போல, உறைந்த தண்ணீர் கல்லை நெருக்கிப் பிளக்கிறது. துண்டு துண்டாக விழுந்து, ஓட்டை விழுந்து, கடைசியில் வளைவு மிஞ்சுகிறது.

எந்த வளைவுக்குப் போவது?

யூட்டா கார்களின் இலக்கத்தகட்டில் இருக்கும் டெலிகேட் ஆர்ச்சைப் பார்க்கத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். அதற்குப் போக வர ஏறக்குறைய 5 கிலோமீற்றர். நிழலே இல்லாத வெறும் பாறையில் சுமார் 150 மீற்றர் உயரம் ஏறவேண்டும். முதற் பயணத்துக்கு அது வேண்டாம்.

லான்ட்ஸ்கேப் ஆர்ச் நல்லது. வாசலிலிருந்து தார்றோட்டில் 18 மைல் ஓடினால் றோட்டு முடியும் இடம் டெவில்ஸ் கார்டன். அங்கே காரை விட்டு நடக்கலாம். போக வர ஏறக்குறைய 3 கிலோமீற்றர். சரளை போட்ட தெளிவான பாதை, சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் மட்டுமே. பிள்ளைகளோடு ஆறுதலாக நடந்தால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவின் அகலம் சுமார் 90 மீற்றர். வட அமெரிக்காவிலேயே இதுதான் மிக நீளமானது. இவ்வளவு நீளத்துக்கு அதன் நடுப்பகுதி மெலிந்து, ஒரு நாடாவைப் போல நிற்கிறது. 1991 செப்டெம்பரில் அதன் அடியிலிருந்து சுமார் 18 மீற்றர் நீளமான கற்துண்டு கழன்று விழுந்தது. கீழே ஆட்கள் இருந்தும் ஒருவருக்கும் காயமில்லை. அதன்பின் வளைவுக்குக் கீழே போகும் பாதையை மூடிவிட்டார்கள். இப்போது வேலிக்கு இப்பால் நின்றே பார்க்கவேண்டும். வளைவைத் தாண்டிப் பாதை பாறைமேல் ஏறிக் கடினமாகிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

நெடுக நடக்க முடியாத பெரியவர்களுக்கு டபுள் ஆர்ச் பொருத்தம். போக வர ஒரு கிலோமீற்றர்தான், நிலமும் பெரும்பாலும் சமம். சிறுபிள்ளைகளுக்கு சான்ட் டியூன் ஆர்ச். இரண்டு பாறை மதில்களுக்கு இடையில் நிழலும் மணலுமாக இருக்கும்.

"வெயில் எங்களுக்குப் புதிதா?"

எம்மவர் சொல்லக்கூடிய ஆபத்தான கதை இதுதான். யாழ்ப்பாணத்து வெயிலில் வியர்வை உடம்பில் ஒட்டி நிற்கும், சட்டை நனையும். தண்ணீர் போவது கண்ணுக்குத் தெரியும், தாகமும் எடுக்கும். பாலைவனக் காற்றில் ஈரம் இல்லை. வியர்வை வந்தவுடனே காய்ந்துவிடும். "எனக்கு வியர்க்கவேயில்லை" என்று சொல்லிக்கொண்டே மனிதன் வற்றிப்போவான். கோடையில் இங்கே 38 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். 2024 ஜூலையில் பக்கத்திலுள்ள கன்யன்லான்ட்ஸ் பூங்காவில் வழி தவறிய ஒரு தகப்பனும் மகளும் தண்ணீர் முடிந்த நிலையில் இறந்துபோனார்கள். இருவரும் நடக்கக்கூடிய வயதினர்தான்.

ஆகவே ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களைத் தவிருங்கள். ஏப்ரல், மே, அல்லது செப்டெம்பர் நடுப்பகுதி தொடக்கம் ஒக்டோபர் முடிய நல்லது. காலையில் வெள்ளெனவே நடக்கத் தொடங்குங்கள். கார் விட இடமும் கிடைக்கும். காலைக் குளிருக்கு ஸ்வெற்றர் ஒன்று வேண்டும்.

நாள் முழுவதும் நிற்பதானால் ஆளுக்கு 4 லீற்றர் தண்ணீர் என்பது பூங்காக்காரரின் கணக்கு. வாசலிலுள்ள தகவல் நிலையத்திலும் டெவில்ஸ் கார்டனிலும் போத்தல்களை நிரப்பலாம். நடைபாதையில் தண்ணீர் இல்லை. தண்ணீரை மட்டும் குடிப்பதும் போதாது, வியர்வையோடு உப்பும் போகிறது. கச்சான், மிக்சர், புளிச்சாதம், ரொட்டி நல்லது. தேங்காய்ச் சம்பல் கார்ச் சூட்டில் பழுதாகிவிடும், கொண்டுபோக வேண்டாம். பூங்காவுக்குள் சாப்பாட்டுக் கடையும் பெற்றோல் நிலையமும் இல்லை. இரண்டையும் மோவாப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டாச் செருப்போடு நடக்கவேண்டாம், சப்பாத்துப் போடுங்கள். தொப்பி, கை நீளமான பருத்திச் சட்டை அவசியம். குடை பிடிக்க வெட்கப்படாதீர்கள், அந்தப் பாதையில் வேறு நிழல் அரிது. தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுப்பிரட்டல் என்றால் உடனே கிடைத்த நிழலில் இருத்தி, உடம்பை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். ஆள் தடுமாறிக் கதைத்தால் 911 ஐ அழையுங்கள். பல இடங்களில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. அதனால் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பாதையை விட்டு இறங்காதே

இந்த வார்த்தையை ஊரில் பிள்ளைகளுக்கு மிதிவெடிக்குப் பயந்து சொன்னோம். இங்கே காரணம் வேறு. பாதையோரத்தில் கறுத்து, பொருக்குப் பொருக்காகத் தெரியும் மண் உயிருள்ளது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து அந்த மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு மிதி மிதித்தால் அது திரும்ப வளரப் பல்லாண்டுகள் செல்லும். இம்முறை மண்தான் எங்கள் காலுக்குப் பயப்படவேண்டியிருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கல்லில் பெயர் வெட்டுவதும் வளைவின்மேல் ஏறுவதும் சட்டப்படி குற்றம்.

சீருடை போட்ட ரேஞ்சர்மாரைக் கண்டு பிள்ளைகள் ஒதுங்கலாம். இன்றைய வெயில் எப்படி, எந்தப் பாதை நல்லது என்று கேட்டால் வழி சொல்வதும் அவர்கள் வேலை. தெரிந்த ஆங்கிலத்தில் கேளுங்கள்.

செலவும் வாகனமும்

பூங்காவுக்குள் பஸ் ஓடுவதில்லை. நுழைவுக் கட்டணம் காருக்குத்தான், தலைக்கு அல்ல. ஒரு சீட்டு 7 நாட்களுக்குச் செல்லும். ஆகவே இரண்டு குடும்பம் ஒரு வானில் சேர்ந்தால் செலவு பாதி. நாலாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை இருந்தால் 'எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்' என்ற இலவச அனுமதியை இணையத்தில் எடுக்கலாம். அதே வாகனத்தில் வரும் குடும்பத்துக்கும் அது செல்லும். 2022 முதல் 2025 வரை நெரிசல் மாதங்களில் நேரம் குறித்து முன்பதிவு செய்யவேண்டியிருந்தது. விதிகள் மாறுவதால் புறப்படுமுன் பூங்காவின் இணையத்தளத்தைப் பாருங்கள். இரவு வேலை முடித்த கையோடு வானை எடுக்காதீர்கள். நித்திரை கொண்டு எழும்பிப் புறப்படுங்கள்.

கடைசியாக ஒன்று. கொண்டுபோன தண்ணீரில் பாதி முடிந்தால் எங்கே நின்றாலும் திரும்புங்கள். இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்று யார் சொன்னாலும் கேட்கவேண்டாம். வளைவைக் காணாமல் வந்தாலும் குறையில்லை. எல்லோரும் சுகமாக வீடு வந்து சேர்ந்தால் அடுத்த லீவுக்குத் திரும்பவும் போகலாம்.