பேட்டரி போனால் பில் எங்கே?

காலையில் பைக்கின் செல்ஃப் ‘டிக், டிக்’ என்கிறது, ஹாரன் முனகுகிறது. திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரிலிருந்து செம்பட்டிக்கோ சின்னாளபட்டிக்கோ வேலைக்குக் கிளம்புகிறவர் பேட்டரியைக் கழற்றிக் கடையில் கொடுத்து, “அரை மணி நேரத்துல ஏத்திக் கொடுங்கண்ணே” என்கிறார். டிராக்டர் பேட்டரி ஏறும் பெரிய சார்ஜரிலேயே இதையும் மாட்டிவிடுகிறார்கள். அன்றைக்கு வண்டி ஓடும். ஆனால் அளவுக்கு மீறிய கரண்டில் சூடேறி, உள்ளே தகடு உதிரத் தொடங்கியிருக்கும். சில வாரத்தில் பேட்டரி செத்ததும் ‘கம்பெனி சரியில்லை’ என்று தீர்ப்பு. பில்லைக் கேட்டால் இருக்காது, வாரண்டி அட்டையும் இருக்காது.

பேட்டரி மேல் எழுதியிருக்கும் ஏ.ஹெச். எண்ணில் பத்தில் ஒரு பங்கு கரண்டு போதும். 5 ஏ.ஹெச். பேட்டரிக்கு அரை ஆம்பியர். முழுக்க இறங்கியிருந்தால் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுக் காலையில் எடுக்கும் வேலை இது, டீ குடித்துவிட்டு வாங்கிப்போகிற வேலை இல்லை. எடுத்த பின் சில மணி நேரம் ஆறவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் ஏறியிருக்கிறது.

புதுசு வாங்குமுன் இன்னொன்றையும் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டுச் சற்று முறுக்கினால் டெர்மினலில் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் வர வேண்டும். ஏறவே இல்லையென்றால் காயிலிலோ ரெகுலேட்டரிலோ வயரிங்கிலோ கோளாறு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பேட்டரியை வேகவைக்கிறது என்று பொருள். இதைப் பார்க்காமல் எத்தனை பேட்டரி மாற்றினாலும் காசுதான் கரியாகும்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். பக்கத்தில் பீடி வேண்டாம், மூடிய அறையும் வேண்டாம். கிளிப்பை மாட்டிய பிறகே சுவிட்சைப் போடுங்கள், சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பை எடுங்கள். வண்டியிலிருந்து கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மூடி திறக்கும் பேட்டரியில் இரண்டு கோட்டுக்கு நடுவே டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஆகாது, கேன் தண்ணீரும் ஆகாது, ஆசிட் கூடவே கூடாது. சீல் போட்டதைக் குத்தித் திறக்காதீர்கள். ஆசிட் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திரும்பவும் சொல்கிறேன்: பக்கத்தில் பீடி வேண்டாம்.

இனி காகித வேலை. ‘பில் போட்டால் விலை கூடும்’ என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். பில் தராதது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். வாரண்டி அட்டையில் தேதி, கடை முத்திரை, பேட்டரியின் சீரியல் எண் மூன்றும் இருக்க வேண்டும். எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் விலையில் கழிவு என்பதை அங்கேயே படியுங்கள். அட்டையையும் பில்லையும் சீரியல் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பில் மை மங்கிவிடும்.

வாரண்டிக் காலத்தில் போய்விட்டால் வாயால் சண்டை போட்டுத் திரும்பாதீர்கள். சோதித்துப் பார்த்த வோல்ட்டையும் மறுத்த காரணத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அங்கும் நகரவில்லையென்றால் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் கெடு வைத்துக் கடிதம் அனுப்பி, அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த இடம் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பேட்டரியை மதுரையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு ஏற்றலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: வழக்கு நடக்கும்போதே செத்த பேட்டரியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். குறை இருக்கிறதா என்று ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அனுப்பப் பொருள் வேண்டாமா? வழக்கு முடிகிற வரை குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். முடிந்த பிறகு பேட்டரிக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. ஆசிடை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு ஈயத்தை மட்டும் எடைக்குப் போடுகிறவரிடம் அதைக் கொடுக்காதீர்கள்.