குடித்தால் மட்டும்தானா அடிக்கிறார்?

"அவர் தங்கமான மனுஷன்தாங்க. அந்தப் பாழாய்ப்போன குடி மட்டும் இல்லேன்னா என் மேலே கை நீட்டவே மாட்டார்!"

இந்த வார்த்தையைக் கேட்காத தெரு நம் ஊரில் உண்டா, சகோதரிகளே? கன்னத்து வீக்கத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு, "குழாயடியிலே வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லும் பெண்ணும் கடைசியில் பழி போடுவது பாட்டில் மேல்தான்.

குடி பெரிய காரணம். அதை யாரும் மறுக்க முடியாது. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கணவன் அடிக்கடி போதையில் வரும் வீடுகளில் 100 பெண்களில் 70 பேர் கணவனின் அடி உதைக்கோ பலாத்காரத்துக்கோ ஆளாகி இருக்கிறார்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. குடிப் பழக்கமே இல்லாத கணவன்மாரிடம் அதே கொடுமையை அனுபவித்தவர்கள் 100க்கு 23 பேர்! இவர்கள் எந்தப் பாட்டிலைக் குறை சொல்வது?

இன்னொன்றையும் கவனியுங்கள். தள்ளாடி வருகிறவர் எதிரே இன்ஸ்பெக்டரைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். முதலாளி திட்டினால், "சரிங்க, சரிங்க" என்கிறார். வீட்டு வாசற்படியைத் தாண்டியதும்தான் கை ஓங்குகிறது. ஆக, அது அடக்க முடியாத கோபம் இல்லை. யாரிடம் காட்டலாம், யாரிடம் காட்டக்கூடாது என்று நன்றாகத் தெரிந்த கோபம். குடி கதவைத்தான் திறந்து விடுகிறது. உள்ளே இருப்பது வெகு நாளாக இருப்பது.

ஆம்பளை என்றால்...

அது எப்போது உள்ளே போகிறது? மூன்று வயதில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டவனிடம், "சீ, ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்கிறோம். பத்து வயதில் அக்காவைக் குத்தினால், "தம்பிதானே, நீ விட்டுக்கொடு" என்று அவளை அடக்குகிறோம். பதினைந்து வயதில் மனசு உடைந்து உட்கார்ந்தால், "என்னடா, பொம்பளை மாதிரி!" என்று கேலி.

பயம், வெட்கம், ஏமாற்றம், துக்கம் எல்லாவற்றுக்கும் கதவு சாத்தியாகிவிட்டது. அவனுக்கு அனுமதித்திருப்பது கோபம் ஒன்றுதான். நாளைக்கு வேலை போகிறது, கடன் கழுத்தை நெரிக்கிறது. "அரிசி வாங்கக் காசு எங்கே?" என்று மனைவி கேட்பது அவன் காதில், "நீ ஒரு ஆம்பளையா?" என்று விழுகிறது. தான் ஆம்பளை என்று நிரூபிக்க அவனுக்கு மிஞ்சிய ஒரே இடம் வீடு! இது குடிசையில் மட்டும் நடப்பதில்லை. பெரிய பங்களாவில் மதில் உயரம் என்பதால் சத்தம் வெளியே கேட்பதில்லை, அவ்வளவுதான்.

சமையல் சரியில்லை, சொல்லாமல் வெளியே போனாள், எதிர்த்துப் பேசினாள் என்பது போன்ற ஏழு காரணங்களைச் சொல்லி, "இதற்காகக் கணவன் அடிக்கலாமா?" என்று அந்த ஆய்வில் கேட்டார்கள். ஒரு காரணத்துக்காவது அடிக்கலாம் என்ற ஆண்கள் 100க்கு 44 பேர். பெண்கள் 45 பேர்! அடித்த பாவம் அடித்தவனுக்கே, அதில் சந்தேகமில்லை. ஆனால் 'கல்லானாலும் கணவன்' என்ற பாடம் நமக்கும் சேர்த்துத்தான் புகட்டப்பட்டிருக்கிறது.

குழந்தைகள் கற்கும் பாடம்

'அடியாத மாடு படியாது' என்று குழந்தைகள் மேலும் கை வைக்கிறோம். குழந்தை படிகிறதோ இல்லையோ, பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. அம்மா அடிபடுவதைப் பார்க்கும் குழந்தை படுக்கையை நனைக்கலாம். காரணமில்லாமல் வயிற்றுவலி என்று அழலாம். அப்பா அம்மாவை அடித்த வீட்டில் வளர்ந்த பெண்கள், பிற்பாடு தாங்களும் கணவனிடம் அடிபடுவது மற்றவர்களைவிட அதிகம் என்கிறது ஆய்வு. அதற்காக, அடியைப் பார்த்து வளர்ந்த பையன் எல்லாம் அடிக்கிறவன் ஆகிவிடுவதில்லை. "என் அப்பா மாதிரி நான் இருக்க மாட்டேன்" என்று உறுதியாக நின்றவர்கள் ஏராளம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பையன் அழுதால் அழ விடுங்கள். "பயமா இருக்காடா? வெட்கமா இருக்கா?" என்று கேளுங்கள். சாப்பிட்ட தட்டை அவனே கழுவட்டும். தங்கை "வேண்டாம்" என்றால் விளையாட்டை அந்த க்ஷணமே நிறுத்தப் பழக்குங்கள். இது அம்மா மட்டும் செய்கிற வேலையும் அல்ல. தப்பு செய்தால் பிள்ளைகள் எதிரிலேயே, "மன்னிச்சுக்கோம்மா" என்று மனைவியிடம் சொல்லும் அப்பாவைவிடப் பெரிய வாத்தியார் கிடையாது.

இப்போதே அடிபடுகிறவருக்கு...

பையனை வளர்த்துத் திருத்தும்வரை அடிபடுகிறவள் காத்திருக்க முடியாது. குடியை நிறுத்த வைத்தியம் அவசியம் பாருங்கள். ஆனால் குடி நின்றால் அடியும் நின்றுவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 2005ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபரில் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் குற்றமாகப் பார்க்கவில்லை. கேவலமாகப் பேசுவது, செலவுக்குப் பணம் தராமல் வதைப்பது எல்லாம் அதில் அடங்கும். அந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கான உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, ஆபத்து சமயத்தில் 112. ரேஷன் கார்டு, ஆதார், பாங்க் பாஸ்புக், கொஞ்சம் பணம் இவற்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

ஒருவர் நல்ல ஆண்பிள்ளையா என்று அறிய மீசையைப் பார்க்க வேண்டாம். சாயங்காலம் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் குழந்தைகள் வாசலுக்கு ஓடி வருகின்றனவா, கட்டிலுக்கு அடியில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். அது போதும்!