வளரும் நகரமும் ஊரகச் சாலையும்: மானாம்பதி வட்டாரத்தை முன்வைத்துப் போக்குவரத்துத் தாக்க ஆய்வு குறித்த ஒரு பார்வை

ஆய்வுச் சுருக்கம்

நகர விரிவாக்கத்தின்போது ஒரு புதிய கட்டடமோ குடியிருப்போ சாலைகளின் மீது ஏற்றும் சுமையை முன்கூட்டியே கணிக்கும் முறை போக்குவரத்துத் தாக்க ஆய்வு எனப்படுகிறது. இம்முறை திட்டம் அமையும் மனையைச் சுற்றியுள்ள நகரச் சாலைகளையே பெரிதும் கருத்திற்கொள்கிறது. அந்நகரத்துக்குக் கல்லும் மணலும் அனுப்பும் ஊரகச் சாலைகள் கணக்கிற்கு வெளியே நின்றுவிடுகின்றன. உத்திரமேரூர் ஒன்றியத்து மானாம்பதி வட்டாரத்தை முன்வைத்து எல்லை, அலகு, காலம் ஆகிய மூன்று நிலைகளில் இவ்விடைவெளியை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: போக்குவரத்துத் தாக்க ஆய்வு, மகிழுந்து அலகு, அச்சுச்சுமை, ஊரகச் சாலை, உத்திரமேரூர், மானாம்பதி.

முன்னுரை

முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளால் உத்திரமேரூர் தமிழக வரலாற்றில் நிலைபெற்றது. ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியங்கள் அமைத்துப் பொதுச்சொத்தைக் காத்த செய்தியை அக்கல்வெட்டுகள் தருகின்றன. இன்று அவ்வட்டாரத்தின் பொதுச்சொத்துகளுள் மிக விரைவாகத் தேய்வது சாலையே எனலாம். உத்திரமேரூர், காஞ்சிபுரம், வந்தவாசி ஆகிய ஊர்களை நோக்கிச் செல்வோர் பிரியும் கூட்டுச்சாலை மானாம்பதியின் பெயராலேயே வழங்குகிறது. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு ஆணையிட்டது. நகரத்தின் பரப்பு இவ்வாறு ஏறத்தாழ ஐந்து மடங்காகும் நிலையில், அதன் சுமையைத் தாங்கும் ஊரகச் சாலைகளை எவ்வாறு கணக்கில் கொள்வது என்னும் வினா எழுகிறது.

1. தாக்க ஆய்வின் நடைமுறை

போக்குவரத்துத் திட்டமிடலின் அடிப்படை நான்கு படிகளைக் கொண்டது. ஓரிடம் எத்தனை பயணங்களை உண்டாக்கும், அவை எங்குச் செல்லும், எந்த ஊர்தியில் செல்லும், எந்தச் சாலை வழியே செல்லும் என்பன அவை. 1955இல் தொடங்கிய சிகாகோ வட்டாரப் போக்குவரத்து ஆய்வு இப்படிநிலை முறை பரவக் காரணமாயிற்று. தனித்தனித் திட்டங்களுக்கான தாக்க ஆய்வு இதே முறையைச் சிறிய பரப்பில் பின்பற்றுகிறது.

இந்தியாவில் இதற்கான சட்ட வாயில்களுள் ஒன்று 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புடைய திட்டங்கள் இதன்படி முன் அனுமதி பெற வேண்டும். அவ்விண்ணப்பத்தில் போக்குவரத்து நெரிசல் குறித்தும் விடையளிக்க வேண்டும். அருகிலுள்ள சந்திப்புகளில் ஊர்திகளை எண்ணுதல், திட்டத்தால் கூடும் ஊர்திகளைச் சேர்த்தல், சாலையின் கொள்திறனோடு ஒப்பிடுதல் என்னும் வரிசையில் விடை உருவாகிறது. கொள்திறன் வரையறைகளை இந்தியச் சாலைப் பேரவை வகுத்துள்ளது.

2. எல்லை: கணக்கு எங்கு முடிகிறது?

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தாக்க ஆய்வு அதன் வாயிலில் தொடங்கிச் சில சந்திப்புகளுக்குள் முடிகிறது. அக்கட்டடத்தின் சல்லியும் செயற்கை மணலும் வந்த வழி அதில் இடம்பெறுவது அரிது. உத்திரமேரூர் வட்டத்தில் கல்குவாரிகளும் கல்லரைவை ஆலைகளும் இயங்குகின்றன. அவற்றின் சரக்குந்துகள் ஊர்களின் நடுவே செல்லும் சாலைகளையே பயன்படுத்துகின்றன.

குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்பது உண்மையே. தீபக் குமார் எதிர் அரியானா அரசு வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஆணை, 5 எக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைகளையும் அனுமதி வரம்புக்குள் கொணர்ந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் அமைந்த ஒரே வகைக் கனிமக் குத்தகைகளைத் தொகுப்பாகக் கொள்ளும் முறையை அறிமுகப்படுத்தியது. ஆயினும் தூசிக்கும் வெடியதிர்வுக்கும் பொருந்தும் தொலைவளவு சாலைக்குப் பொருந்துவதில்லை. ஐந்து கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரு குவாரிகள் ஒரு தொகுப்பில் அடங்கா. ஆனால் அவற்றின் சரக்குந்துகள் ஒரே சாலையில் கூடக்கூடும். தனித்தனியே பார்க்கும்போது ஒவ்வொரு திட்டத்தின் தாக்கமும் சிறிதாகவே தோன்றும். கூட்டுத்தாக்கமோ எந்த அறிக்கைக்கும் உரியதாகாமல் போகிறது.

3. அலகு: எது எண்ணப்படுகிறது?

வெவ்வேறு ஊர்திகளை ஒரே அளவில் கூட்டுவதற்கு மகிழுந்து அலகு பயன்படுகிறது. ஊரகச் சாலைகளுக்கான 1990ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி மகிழுந்துக்கு 1, இருசக்கர ஊர்திக்கு 0.5, பேருந்துக்கும் சரக்குந்துக்கும் 3, இழுவைப்பெட்டியுடன் கூடிய டிராக்டருக்கு 4.5 எனும் மதிப்புகள் வழங்கப்படுகின்றன. சமவெளியில் வளைவு குறைந்த ஒருவழித்தடச் சாலையின் வடிவமைப்புக் கொள்ளளவு நாளொன்றுக்கு 2,000 அலகு. இருவழித்தடச் சாலைக்கு 15,000 அலகு.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். நாள்தோறும் 200 சரக்குந்துகள் ஒருவழித்தடச் சாலை ஒன்றில் சென்று திரும்புவதாகக் கொண்டால் 400 நடைகள், அதாவது 1,200 அலகுகள் ஆகும். கொள்ளளவில் ஐந்தில் மூன்று பங்கு இவற்றாலேயே நிரம்பும். எனினும் 2,000 என்னும் எல்லையைத் தாண்டாமையால் ‘சாலை போதுமானது’ என்று அறிக்கை எழுத இடமுண்டு.

இவ்வலகு ஊர்தி அடைக்கும் இடத்தை மட்டுமே குறிக்கிறது. தளத்துக்கு நேரும் சிதைவைக் குறிப்பதில்லை. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நிகழ்ந்த சாலைச் சோதனை, சிதைவு ஏறத்தாழ அச்சுச்சுமையின் நான்காம் அடுக்கில் உயர்வதைக் காட்டியது. சுமை இரட்டித்தால் சிதைவு பதினாறு மடங்காகும். இந்தியாவில் நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சின் சுமை வரம்பு 2018இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. எடை 13 விழுக்காட்டளவே கூடிற்று. நான்காம் அடுக்கு விதிப்படி சிதைவோ ஏறத்தாழ 1.6 மடங்காகிறது. மகிழுந்து அலகிலோ அச்சரக்குந்து அன்றும் மூன்று, இன்றும் மூன்று.

மனிதர்களை எண்ணுவதிலும் இவ்வலகு தவறுகிறது. அறுபது பேர் ஒரு பேருந்தில் சென்றால் 3 அலகு. முப்பது இருசக்கர ஊர்திகளில் சென்றால் 15 அலகு. சாலை ஊர்திகளுக்கன்று, மக்களுக்கே என்பது 2006ஆம் ஆண்டுத் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையின் மையக் கருத்து. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். இப்பயணம் எத்துணை பெருகினும் பேருந்தின் அலகு மூன்றாகவே நிற்கும். பேருந்து நிறுத்தம் வரை நடந்து வருவோர் இவ்வலகில் இடம்பெறுவதே இல்லை.

4. காலம்: எப்போது எண்ணப்படுகிறது?

நகர ஆய்வுகள் அலுவலக நேரத்தின் உச்ச மணிகளைத் தேர்கின்றன. சொர்ணவாரி, சம்பா, நவரை எனப் பட்டங்கள் மாறும் வட்டாரத்தில் உச்சம் என்பது மணியைவிட மாதத்தையே சார்ந்தது. அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய டிராக்டர்கள் கொள்முதல் நிலையங்களை நோக்கிச் செல்கின்றன; சாலையோரம் நெற்களமாகிறது. அறுவடையில்லாத வாரத்தில் எடுக்கப்படும் கணக்கு இவற்றைக் காணாது. பள்ளி செல்லும் பிள்ளைகளும் சரக்குந்துகளும் ஒரே சாலையைப் பகிரும் காலைப்பொழுதும் தனியே நோக்கத்தக்கது. அங்கு நெரிசலைவிட உயிர்ப்பாதுகாப்பே முதன்மை வினா.

5. கிளாம்பாக்கம் தரும் பாடம்

இணைப்புகளைப் புறந்தள்ளும் திட்டமிடலின் விளைவு நகரத்திலும் வெளிப்பட்டுள்ளது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கோயம்பேட்டின் நெரிசலைக் குறைப்பது அதன் நோக்கம். முனையம் திறக்கப்பட்டபோது அதற்கான இரயில் நிலையம் ஆயத்தமாகவில்லை. தென்மாவட்டங்களிலிருந்து வந்தோர் நகருக்குள் செல்ல மற்றொரு பேருந்தையோ தானியையோ நாட வேண்டியதாயிற்று. ஓரிடத்தின் நெரிசல் குறைந்தது. பயணியின் சுமை வேறிடத்திற்கு மாறிற்று. மனையின் எல்லைக்குள் நிறைவாக அமைந்த ஒரு திட்டம் பயணத்தின் முழு நீளத்தில் குறையுடையதாகலாம் என்பதை இது உணர்த்துகிறது.

6. செய்யத்தக்கன

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் நான்கு மாற்றங்களை முன்வைக்கலாம். முதலாவதாக, குவாரிகளின் போக்குவரத்துத் தாக்கத்தை 500 மீட்டர்த் தொகுப்பின்படி அல்லாமல், அவை பகிரும் சாலையின்படி கூட்டிக் கணக்கிட வேண்டும். இரண்டாவதாக, மகிழுந்து அலகோடு அச்சுச்சுமைக் கணக்கையும் பயணிகள் எண்ணிக்கையையும் இணைத்துத் தர வேண்டும். மூன்றாவதாக, ஊரகச் சாலைகளில் அறுவடைக் காலம், பள்ளி நேரம் ஆகியவற்றைத் தனி உச்சங்களாகக் கொள்ள வேண்டும். நான்காவதாக, ஆய்வறிக்கையின் போக்குவரத்துப் பகுதியைத் தமிழில் கிராம சபையின் முன் வைக்க வேண்டும். எந்த வளைவில் பேருந்துக்கு வழி கிடைக்காது என்பதை எண்ணிக்கைப் படிவத்தைவிட அவ்வூரார் நன்கறிவர்.

முடிவுரை

போக்குவரத்துத் தாக்க ஆய்வு பயனுள்ள கருவியே. அதன் குறை கணிதத்தில் இல்லை. கணக்கிற்கு வரையப்படும் எல்லையிலும் தேர்ந்தெடுக்கப்படும் அலகிலும் காலத்திலும் உள்ளது. நகரின் ஒவ்வொரு புதுத் தளமும் எங்கோ ஓர் ஊரகச் சாலையின் தேய்மானத்தோடு சேர்ந்தே எழுகிறது. சாலையைச் செப்பனிடும் செலவும் விபத்தின் இழப்பும் அவ்வூராரைச் சேர்கையில், அதை உண்டாக்கிய திட்டத்தின் அறிக்கையில் அவர்களுக்கு ஒரு வரியேனும் இடம் அளிப்பதே முறையான திட்டமிடலாகும். மானாம்பதி போன்ற ஊர்களின் சாலைகளில் களக்கணக்கெடுப்பு நிகழ்த்தும் ஆய்வுகள் இத்துறையில் மேலும் பெருக வேண்டும்.