ஊர் ஊராய் – 9: கடைசி டோக்கனுக்கு அப்புறம்

சென்ற வாரம் மெடிக்கல் ரெப்பின் பைக்குள் என்னென்ன இருக்கும் என்று பார்த்தோம். இந்த வாரம் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கம்பம் பஸ் ஏறுகிறவரோடு நாமும் ஏறுவோம்.

மருந்துக் கம்பெனிகளின் கணக்கில் ஊர்கள் பெரும்பாலும் மூன்றே வகை. ரெப் குடியிருக்கும் ஊர் ஹெட்குவார்ட்டர்ஸ். காலையில் போய் இரவே வீடு திரும்ப வேண்டிய ஊர் எக்ஸ் ஸ்டேஷன். ராத்தங்கும் ஊர் அவுட் ஸ்டேஷன். படியும் அதே வரிசையில் கூடும். எந்தத் தேதியில் எந்த ஊர் என்று மாதம் பிறக்கும் முன்பே டூர் புரோகிராம் போட்டு மேனேஜரிடம் ஒப்புதல் வாங்கியாக வேண்டும்.

சிக்கல், வகை மாறும்போது வருகிறது. மதுரையிலிருந்து தேனி ஏறக்குறைய 75 கிலோமீட்டர். நேற்றுவரை அவுட் ஸ்டேஷனாக இருந்த ஊரைக் கம்பெனி ஒரே மெயிலில் எக்ஸ் ஆக்கினால் ராத்தங்கும் படி போய்விடும், பார்க்க வேண்டிய டாக்டர்களின் பட்டியல் மட்டும் குறையாது. கேட்டால், “அதான் ரோடு நல்லா போட்டுட்டாங்கள்ல, ராத்திரியே வந்துரலாமே” என்பார் மேனேஜர். பஸ் வேண்டாம், ரயிலில் போகலாமே என்றால் அதிலும் வில்லங்கம். 2010 கடைசியில் நின்ற ரயில், அகலப்பாதையில் 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் வந்தது. ஊருக்கு அது பெரிய வரம்தான். ஆனால் மதுரைக்குத் திரும்பும் அன்றாட ரயில் தேனியை விட்டுக் கிளம்புவது மாலை ஆறு மணி வாக்கில். டாக்டர்கள் கிளினிக் திறக்கிற நேரமும் அதுதான்.

ரெப்பின் நாள் உண்மையில் தொடங்குவதே அப்போதுதான். சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ ஒரு கிளினிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சு நிறைய நோயாளிகள். ரெப்புகள் வாசலில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். நோயாளிக்கு இடம் விடாமல் உட்கார்ந்தால் மரியாதை இருக்காது. “இன்னும் பத்துப் பதினஞ்சு டோக்கன் கெடக்கு சார், ரெப்பெல்லாம் கடைசியிலதான்” என்று சிஸ்டர் தலையை நீட்டிச் சொல்வார். “சரிங்க சிஸ்டர்” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. நடுவில் ஒரு அவசர கேஸ் வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஒன்பதரைக்கு உள்ளே கூப்பிட்டால், களைத்துப்போன டாக்டர் கைபேசியைப் பார்த்தபடி, “ம், சொல்லுங்க” என்பார். இரண்டு நிமிடத்தில் மூன்று மருந்தின் பெயரை அவர் மனத்தில் பதித்துவிட்டு வெளியே வர வேண்டும்.

அதற்குமேல் பரோட்டாக் கடைதான் திறந்திருக்கும். லாட்ஜில் போட்டிக் கம்பெனி ரெப்பும் இவரும் ஒரே டபுள் ரூமைப் பங்கு போட்டுக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம். பகலில் ஒரே டாக்டரிடம் எதிரெதிர் மருந்தை விற்றவர்கள், இரவில் ஒரே பிளக் பாயிண்டுக்கு முறை வைப்பார்கள். ஆயிரம் ரூபாய்க்குக் கீழான அறைக்கு முன்பு ஜிஎஸ்டி கிடையாது. 2022 ஜூலையில் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில்தான் அது 5 சதவீதமாக இறங்கியது. படி என்று ஒரு தொகையை நிர்ணயித்துவிட்ட கம்பெனிகளில், இந்த ஏற்ற இறக்கமெல்லாம் ரெப்பின் சட்டைப்பையோடு போயிற்று.

இவர்களைத் தொழிலாளர் என்று ஏற்பதா என்பதே நெடுநாள் வழக்காக இருந்தது. 1976-இல் வந்த விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம்தான் எழுத்துமூலமான நியமனக் கடிதத்தையும், பணிக்காலத்தில் பதினொன்றில் ஒரு பங்குக்குக் குறையாத ஈட்டிய விடுப்பையும் உரிமையாக்கியது. 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று அதைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நடந்தும் கிளினிக் வாசலில் நிற்கும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடச் சொல்லி மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

இப்போது கைபேசிச் செயலி வேறு. கிளினிக் இருக்கும் இடத்தில் நின்று பதிவு செய்தால்தான் டாக்டரைப் பார்த்ததாகப் பல கம்பெனிகள் ஏற்கின்றன. ரெப் எங்கே இருக்கிறார் என்பதைச் செயலி மீட்டர் கணக்கில் அறியும். அங்கே எத்தனை நேரம் நின்றார் என்பதும் அதற்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அறிக்கையில் ஏறுவது ‘ஒரு கால்’ (call) என்ற எண்ணிக்கை மட்டும். கிலோமீட்டருக்குக் காசு தருகிறார்கள், ராத்தங்கினால் படி தருகிறார்கள். இந்தப் பிழைப்பில் பாதிக்குமேல் காத்திருப்பாக இருக்க, அதற்கு மட்டும் எந்த வவுச்சரிலும் கட்டம் கிடையாது. ‘ஊர் சுற்றுகிற வேலை’ என்று பொறாமைப்படுகிறவர்கள் ஒரு சாயங்காலம் வந்து அந்தச் செருப்புக் குவியல் பக்கம் நிற்கட்டும்.

அடுத்த வாரம், மாதக் கடைசி. டார்கெட்டை முடிக்க ஸ்டாக்கிஸ்ட் கடைகளில் நடக்கும் பேரம்.

(தொடரும்)