சிறிய விமானமும் பெரிய நினைவும்

பிள்ளை மேசையில் இருந்து போர் விமானம் ஒன்றின் மாதிரியைப் பொருத்திக்கொண்டிருக்கிறான். அதைப் பார்க்கும் தாய்க்கு நெஞ்சு பதறுகிறது. தடுப்பதா, விடுவதா? பெண்களுடனான குழுக் கலந்துரையாடல்களில் இத்தகைய கேள்வியை நான் சந்தித்திருக்கிறேன். புலம்பெயர் நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவரும் பரிசுகளுள் இந்தப் பெட்டிகளும் சில வேளைகளில் வந்து சேர்கின்றன. கொடுத்தவருக்கும் பிள்ளைக்கும் அது ஓர் அழகிய பொருள். தாய்க்கோ அது வேறொன்று.

இதில் ஒரு தலைமுறை இடைவெளி உள்ளது. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர் பிறந்த பிள்ளைகள் விமானத்தைப் படத்தில் கண்டவர்கள். நாமோ அதைச் சத்தத்தில் அறிந்தவர்கள். "கிபிர்", "பொம்மர்", "சகடை", "ஹெலி" என்று பெயர் வைத்து, வானத்தைப் பாராமலே இன்னது வருகிறது என்று சொல்லிப் பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்கியவர்கள். ஆகவே பிள்ளையின் ஆர்வமும் தாயின் பதற்றமும் இரண்டுமே உண்மையானவை. இரண்டையும் விளங்கிக்கொள்ள, முதலில் இந்தக் கலை எத்தகையது என்பதை அறிவது நன்று.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பெட்டியைத் திறந்தால் பிளாஸ்ரிக் சட்டகங்கள் இருக்கும். இறக்கை, உடற்பகுதி, வால், சில்லு, இருக்கை என ஒவ்வொரு துண்டும் இலக்கமிடப்பட்டு அச்சட்டகங்களில் ஒட்டியிருக்கும். கூடவே படங்களுடனான செய்முறைத் தாளும், நீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளப் படங்களும் இருக்கும். துண்டுகளை வெட்டி, ஓரத்தை அரத்தாளால் தேய்த்து, பசையால் பொருத்த வேண்டும். பொதுவாக விமானி அமரும் அறையே முதலில் செய்யப்படும். அதை உடற்பகுதிக்குள் வைத்து மூடிய பின்னரே இறக்கைகள் சேரும். பின்னர் வர்ணம், அடையாளப் படங்கள், கடைசியாகப் பாதுகாப்புப் பூச்சு.

அளவுதான் இக்கலையின் உயிர். 1:72 என்றால் உண்மை விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஆறு அடி உயரமான மனிதர் இந்த அளவில் ஓர் அங்குலம் ஆவார். 1:144, 1:48, 1:32 ஆகிய அளவுகளும் உண்டு. எபிரேய மொழியில் சிங்கக்குட்டி என்று பொருள்படும் பெயருடைய இஸ்ரேலியக் கிபிர் விமானம் 1996இல் இலங்கை விமானப்படையில் சேர்ந்தது. அதற்கும் மாதிரிப் பெட்டிகள் உள்ளன. 1:72 அளவில் அதன் நீளம் ஏறக்குறைய 22 சென்ரிமீற்றர். அதாவது பிள்ளையின் அப்பியாசக் கொப்பி அளவுதான். ஊரையே ஒடுங்க வைத்த ஒன்று கொப்பியளவாகச் சுருங்கி மேசையில் இருப்பதைக் காணும்போது எமக்குள் ஏதோ ஒன்று அசைவது இயல்பே.

போருக்குள் வளர்ந்த கலை

இக்கலை 1930களில் பிரித்தானியாவில் பரவலாயிற்று. மரத்தாலும் உலோகத்தாலுமான துண்டுகளுடன் வந்த ஸ்கைபேட்ஸ் மாதிரிகள் 1:72 அளவை அறிமுகப்படுத்தின. 1936இல் புறொக் நிறுவனத்தின் பென்குயின் வரிசை அதே அளவில் பிளாஸ்ரிக் துண்டுகளைக் கொண்டுவந்தது.

இரண்டாம் உலகப் போர் இந்தப் பொழுதுபோக்கை ஒரு தேவையாக மாற்றியது. வானில் வருவது தம்முடையதா எதிரியுடையதா என்று கண நேரத்தில் சொல்ல வேண்டியிருந்தது. 1942இல் அமெரிக்கக் கடற்படை, 50 வகை விமானங்களின் 5 இலட்சம் மர மாதிரிகளைச் செய்துதருமாறு அந்நாட்டுப் பாடசாலைகளைக் கேட்டது. கறுப்பு நிறம் பூசிய அந்த 1:72 மாதிரிகளை 35 அடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், உண்மை விமானத்தை ஏறக்குறைய அரை மைல் தொலைவில் பார்ப்பது போலிருக்கும். கீழே நின்று விமானத்தை இனங்காணும் அந்தப் பாடத்தை அவர்கள் மாதிரி வைத்துப் படித்தார்கள். எமது பெண்களும் சிறுவரும் எந்த மாதிரியும் இன்றிக் காதாலேயே படித்தார்கள்.

போருக்குப் பின் இக்கலை கடைத்தெருவுக்கு வந்தது. ஹங்கேரியரான நிக்கொலஸ் கோவ் 1939இல் பிரித்தானியாவில் தொடங்கிய எயர்பிக்ஸ் நிறுவனம், காற்றூதும் இறப்பர்ப் பொம்மைகளும் பிளாஸ்ரிக் சீப்புகளும் செய்து பின்னர் மாதிரிப் பெட்டிகளுக்கு வந்தது. அதன் ஸ்பிற்பயர் விமானப் பெட்டி 1950களில் வெளியாயிற்று. தந்தையர் பங்குபற்றிய போரைப் பிள்ளைகள் சமையலறை மேசையில் பொருத்தத் தொடங்கினார்கள்.

எரிந்த நகரில் இருந்து

இக்கலையின் மற்றொரு தாய்வீடு யப்பானின் சிசுவோக்கா நகரம். கோயில் கட்ட வந்த மரவேலைக் கலைஞர்களின் பரம்பரை உள்ள ஊர் அது. 1945 ஜூன் 19ஆம் திகதி இரவிலிருந்து 20ஆம் திகதி அதிகாலை வரை நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்க பி-29 விமானங்கள் அந்நகரில் தீக்குண்டுகளை வீசின. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தனர். அன்றிரவு இரு பி-29 விமானங்கள் வானில் மோதி விழுந்ததில் 23 அமெரிக்கப் படையினரும் மாண்டனர். ஊரவரான புக்குமாற்சு இத்தோ, குண்டு வீசியவர்கள் என்று பாராமல் அவர்களின் உடல்களையும் மண்ணில் அடக்கினார். பின்னாளில் நகரின் மலையொன்றில் இறந்த ஊரவருக்கும் அந்த விமானப் படையினருக்கும் நினைவுக்கற்கள் எழுப்பப்பட்டன. இரு தரப்பினரும் கூடி அங்கே அஞ்சலி செய்யும் வழக்கமும் உருவாயிற்று.

அந்த எரிந்த நகரில்தான் 1946இல் தமியா நிறுவனம் மர வியாபாரமாகத் தொடங்கியது. மர மாதிரிகளிலிருந்து பிளாஸ்ரிக்குக்கு மாறி, 1960இல் யமாட்டோ போர்க்கப்பலின் மாதிரியை வெளியிட்டது. பின்னர் உலகறிந்த நிறுவனமாக வளர்ந்தது. இன்று சிசுவோக்காவில் ஆண்டுதோறும் மே மாதத்தில் மாதிரிக் கண்காட்சி நடைபெறுகிறது. ஒரே நகரம் போர்க்கருவிகளின் மாதிரிகளை உலகுக்கு விற்கிறது. தன் மீது விழுந்த குண்டுகளையும் மறவாமல் நினைவுகூருகிறது. ஒன்றைச் செய்வதற்காக மற்றதை விட்டுவிட வேண்டியதில்லை என்பதற்கு இந்நகரம் ஓர் உதாரணம்.

துணைப்பொருட்களும் ஆதார நூல்களும்

ஆர்வம் முற்றியவர்கள் பெட்டியோடு நின்றுவிடுவதில்லை. மெல்லிய உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்துச் செய்த இருக்கைப் பட்டிகள், விமானி அறையின் கருவிப் பலகைகள், பிசினில் வார்த்த இருக்கைகள் எல்லாம் தனியாக விற்பனையாகின்றன. செக் நாட்டில் 1989இல் தோன்றிய எடுவார்ட் நிறுவனம் இவ்வகைத் தகடுகளால் பெயர் பெற்றது. குண்டுகளும் ஏவுகணைகளும்கூடத் தனிப் பெட்டியாகக் கிடைக்கின்றன. அவற்றை இறக்கையின் கீழ் வரிசையாகப் பொருத்தலாம்.

இவற்றுடன் ஆதார நூல்களும் உண்டு. 1965இல் பிரித்தானியாவில் தொடங்கிய புறொபைல் வரிசையிலிருந்து பின்வந்த ஒஸ்பிறி நூல்கள் வரை, ஒரு விமானத்தின் ஒவ்வொரு வகை, நிறம், இலக்கம், படைப்பிரிவு, அது பறந்த ஆண்டு எல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கும். ஒரு நிறம் சரியா என்று அறிய நான்கு புகைப்படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்பு மதிக்கத்தக்கது.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். மாதிரி இறக்கையோடு முடிந்துவிடுகிறது. இறக்கையின் கீழே குண்டு இருக்கிறது. குண்டின் கீழே எவரும் இல்லை. வீடு இல்லை, கிணற்றடி இல்லை, உலையில் ஏற்றிய சோறு இல்லை. விமானத்தின் வால் இலக்கத்தைச் சொல்லும் நூல்களில் விழுந்த இடத்தில் இருந்தவரின் பெயரைக் காண்பது அரிது. தாயின் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்றால், அந்த விடுபட்ட பகுதி அவளுக்குத் தெரியும் என்பதிலிருந்துதான்.

பிள்ளையோடு மேசையில்

அப்படியானால் தடுப்பதா? தடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. பறித்தெடுத்தால் பிள்ளை ஒளித்துச் செய்வான்; ஏன் பறித்தீர்கள் என்பதும் அவனுக்கு விளங்காது. பொறுமை, கைத்திறன், செய்முறை வாசித்து ஒழுங்காகச் செய்தல் ஆகியவை இக்கலை தரும் நன்மைகள். ஆண் பிள்ளைக்கு மட்டும் உரியது என்று ஒதுக்காமல் பெண் பிள்ளைக்கும் இடம் கொடுங்கள். 1941இல் ஸ்பிற்பயர் முதலிய விமானங்களின் இயந்திரம் நடுவானில் தடைப்படும் குறையைச் சிறியதொரு உலோகத் துண்டினால் தணித்தவர் பியற்றிஸ் சிலிங் என்ற பெண் பொறியியலாளரே.

சில விடயங்களைக் கவனத்திற் கொள்ளலாம்:

பசையும் வர்ணக் கரைப்பானும் வீரியமான ஆவி விடுபவை. யன்னல் திறந்த இடத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாகச் செய்யட்டும். கூரிய கத்தியும் சிறு துண்டுகளும் கைக்குழந்தைகளுக்கு எட்டக் கூடாது.

வீட்டில் எவருக்கேனும் அந்த உருவம் தாங்க முடியாததாக இருந்தால், அதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் தொங்கவிட வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. "அம்மாவுக்கு இதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்குது, உன்னிலை கோபமில்லை" என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்கும்.

பிள்ளை கேட்டால் சொல்லுங்கள். கேட்காதபோது முழுவதையும் கொட்ட வேண்டாம். வயதுக்கேற்ற அளவில், உண்மையாக, சுருக்கமாகச் சொன்னால் போதும். பழைய நினைவுகளால் உங்களுக்கோ பிள்ளைக்கோ நித்திரை கெடுவது, திடுக்கிடுவது, எவருடனும் சேராமல் ஒதுங்குவது தொடர்ந்தால், அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ உளவளத்துணையாளரையோ நாடுங்கள். அதில் வெட்கம் ஏதுமில்லை.

எமது ஆதார நூல்

மாதிரி செய்பவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் ஒன்று உண்டு. அது அவர்களின் துல்லியம். எந்த ஆண்டு, எந்த நிறம், எந்த இலக்கம் என்று விமானத்துக்குக் காட்டும் கவனத்தை, விமானத்தின் கீழிருந்த வாழ்க்கைக்கு நாம் காட்டலாம். அதற்கு விலையுயர்ந்த பெட்டி வேண்டாம். ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

திகதியை எழுதுங்கள். திகதி நினைவில்லையென்றால் "மாரிக்கு முன்", "மகள் ஆறாம் வகுப்பில்" என்று எழுதுங்கள். ஊர், ஒழுங்கை, அயலவர் பெயர், இழந்தவர் பெயர், அவருக்குப் பிடித்த உணவு, நின்ற மரம், கட்டியிருந்த மாடு என எல்லாவற்றையும் எழுதுங்கள். "நான் கண்டது", "பிறர் சொன்னது" என்று பிரித்து எழுதினால் அது பின்னாளில் பெறுமதி மிக்கதாகும். ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை. மனம் கனத்தால் மூடி வையுங்கள். யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயமுமில்லை. பத்திரமான இடத்தில் இருந்தால் போதும்.

விமானங்களுக்கு நூல்கள் எழுதியாகிவிட்டன. அவை பறந்த வானத்தின் கீழ் நடந்ததை எழுதக்கூடியவர்கள், அங்கிருந்து பிழைத்த நாங்கள்தான். நாம் போன பின்னர் அதை வேறெவரும் சரியாக எழுத முடியாது.